சமைக்காத இனிப்பின் விலை: ஒரு நூற்றாண்டு வரலாறு



அண்மைய ஆண்டுகளில் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் பள்ளிகளின் நல்லுணவு வாரங்களிலும் 'சமைக்காத நனிசைவ அணிச்சல்' என்னும் பெயர் அடிக்கடி காதில் விழுகின்றது. மாவு இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, அடுப்பும் இல்லை. முந்திரி, வாதுமை, பேரீச்சை, தேங்காய் எண்ணெய், கொக்கோத் தூள் ஆகியவற்றை அரைத்துக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துச் செய்யப்படும் இனிப்பு அது. அதைத் தம் பிள்ளைக்குச் செய்து கொடுக்க விரும்பும் பெற்றோர் கடைக்குச் செல்கின்றனர். இயற்கை வேளாண் முத்திரை பதித்த பொட்டலங்களின் விலையைப் பார்க்கின்றனர். வாங்காமல் திரும்புகின்றனர். அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. "பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்க நமக்கு வசதியில்லையே" என்ற மனக்குறையையும் உடன் சுமந்து வருகின்றனர். இதனைப் பெற்றோர் பலர் வாயிலாகக் கேட்டிருக்கின்றேன்.

அந்த மனக்குறைக்கு அடிப்படை உண்டா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமைக்காத இனிப்பு எங்கிருந்து வந்தது? அது எப்போது, எதனால் விலையேறியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால், எதற்குப் பணம் கொடுக்கின்றோம் என்பது தெளிவாகிவிடும்.

இடையனின் உணவு மருத்துவமனைக்கு வந்தது

மேலைநாட்டில் இவ்வுணவு முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர். 1904இல் சூரிக் மலைச்சரிவில் உடல்நல விடுதி ஒன்றைத் திறந்தார். அங்கு நோயாளிகளுக்குத் தந்த 'முஸ்லி' என்னும் உணவை ஆல்ப்ஸ் மலை இடையர்களிடமிருந்து கற்றதாகக் கூறுவர். இன்று பேரங்காடிகளில் பெட்டி பெட்டியாக விற்கப்படும் முஸ்லி வேறு. அவர் தந்தது வேறு. ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், அதை ஊறவைக்க மூன்று கரண்டி நீர், துருவிய ஆப்பிள் 200 கிராம், எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி கெட்டிப்பால், ஒரு கரண்டி அரைத்த கொட்டை. இவ்வளவே.

இந்த அளவை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 200 கிராம் பழத்துக்கு ஒரே ஒரு கரண்டி கொட்டை! அங்கே பழமே உணவு. கொட்டை வெறும் துணை. உணவு மலிவானது, அந்த விடுதியில் தங்குவதற்குத்தான் செல்வம் வேண்டியிருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இக்கருத்து வேரூன்றியது. நியூயார்க்கைச் சேர்ந்த யூஜின் கிறிஸ்டியன், மோலி கிறிஸ்டியன் இணையர் 1904இல் சமைக்காத உணவு பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜான் ரிக்டர், வேரா ரிக்டர் இணையர் 1917இல் 'யூட்ரோஃபியான்' என்னும் சமைக்காத உணவகத்தைத் திறந்தனர். வேரா ரிக்டர் 1925இல் வெளியிட்ட செய்முறை நூலில் அடுப்பேற்றாத இனிப்புகளுக்கும் இடமிருந்தது. ஆக, இன்று புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த இனிப்பு நூறாண்டுப் பழமை உடையது.

காந்தியடிகளின் கணக்கு

இவ்வரலாற்றில் நம்மவர்க்கு மிகவும் பயன்தரும் பகுதி 1929ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இடைப்பகுதியில் காந்தியடிகள் அடுப்பேற்றாத உணவை மட்டுமே உண்டு ஓர் ஆய்வை நடத்தினார். அதன் விவரங்களைத் தம் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமை 8 தோலா, இடித்த கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்சு என்பது அவருடைய நாளுணவு.

இவ்வாய்வில் அவர் கண்ட பயன்களுள் சிக்கனமும் ஒன்று. விறகு தேவையில்லை. பெண்கள் நாள் முழுவதும் புகையில் நிற்கத் தேவையில்லை. ஏழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு எது என்பது அவருடைய எண்ணமாக இருந்தது.

ஆனால் அவருடைய பட்டியலையே சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம். எட்டுத் தோலா என்றால் சுமார் 93 கிராம். அதாவது ஒரு கிலோ வாதுமை ஒருவருக்குப் பதினொரு நாளுக்குக்கூடப் போதாது. விறகில் மிச்சப்பட்ட காசு வாதுமையில் கரைந்துவிடும். அதனால்தானோ என்னவோ, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோதுமைக்குப் பதிலாக முளைகட்டிய கடலை உண்டபோது, வாதுமைக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலை அவர் சேர்த்துக்கொண்டார்.

ஆய்வு நெடுநாள் நீடிக்கவில்லை. உடல் மெலிந்தது, ஆகஸ்டு மாதத்தில் சீதபேதி கண்டது, அடிகள் மீண்டும் ஆட்டுப்பாலுக்கும் சமைத்த உணவுக்கும் திரும்பினார். ஆய்வைத் தொடங்கியதை எழுதியதுபோலவே, கைவிட்டதையும் மறைக்காமல் எழுதினார். எனினும் அவர் விட்டுச் சென்ற பட்டியல் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. சமைக்காமை சிக்கனமானது, கொட்டை சிக்கனமானதன்று. இவை இரண்டும் வெவ்வேறு.

ஓர் ஆசிரியர் தந்த சொல்

இனி, 'நனிசைவம்' என்னும் கருத்துக்கு வருவோம். இறைச்சி, மீன் ஆகியவற்றோடு பால், முட்டை, நெய், தேன் முதலியவற்றையும் விலக்குவது நனிசைவம். இதற்கான ஆங்கிலச் சொல்லாகிய 'வீகன்' என்பது 1944 நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தது. அதை வழங்கியவர் டொனால்ட் வாட்சன். அவர் தொழிலால் மரவேலை ஆசிரியர் என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் வெளியிட்ட செய்தி மடலின் முதல் இதழ் இரண்டு பென்னிக்கு விற்கப்பட்டது. போர்க்காலம்; உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்த நேரம். அவரும் நண்பர்களும் எளிய வருவாயில், கிடைத்த காய்கனி, தானியங்களைக் கொண்டே அந்நெறியைக் கடைப்பிடித்தனர்.

அதே 1944இல் மலாயாவில் சப்பானியர் ஆட்சி. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோக, நம் தோட்டப்புற மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு காலந்தள்ளினர். பாலும் நெய்யும் இறைச்சியும் அவர்கள் தட்டிலும் இல்லை. ஆனால் அது கொள்கையால் வந்ததன்று, வறுமையால் வந்தது. ஒரே உணவு ஒருவருக்கு அறமாகவும் மற்றொருவருக்கு இல்லாமையாகவும் அமையக்கூடும். விலையைப் பற்றிப் பேசும்போது இதனை மறந்துவிடலாகாது.

உணவகத்தில் ஏறிய விலை

1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆன் விக்மோர் என்னும் அம்மையார் கோதுமைப்புல் சாற்றையும் முளைகட்டிய பயறுகளையும் பரப்பினார். அவர் கூறிய மருத்துவப் பலன்களில் சில ஏற்கத்தக்கவையல்ல. 1980களில் மாசசூசெட்ஸ் மாநில அரசே அவர்மீது வழக்குத் தொடுத்தது. ஆயினும் அவர் காட்டிய உணவு, வீட்டுச் சன்னலோரத்தில் கைப்பிடிப் பயற்றை முளைக்கவைத்து உண்ணும் எளிய உணவாகவே இருந்தது.

மாற்றம் 1990களின் இறுதியில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் ரொக்சேன் கிளைன் என்பவர் 2001இல் சமைக்காத உணவுக்கென்றே ஓர் உயர்தர உணவகத்தைத் திறந்தார்; அது 2004இல் மூடப்பட்டது. அதே 2004இல் நியூயார்க்கிலும் அத்தகைய உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு வந்த பிறகு, விருந்தினர் பழக்கலவையோடு நிறைவடைவார்களா? பாலேடு போன்ற வழவழப்பும், அணிச்சல் போன்ற தோற்றமும், சாக்லேட் போன்ற சுவையும் எதிர்பார்க்கப்பட்டன. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றியது முந்திரி. இன்று நாம் காணும் சமைக்காத அணிச்சல் இந்தக் காலத்தில்தான் உலகெங்கும் பரவியது.

இங்கேதான் விலையின் முதல் மறைபொருள் இருக்கின்றது. வழக்கமான அணிச்சலில் எடையைத் தருவது மலிவான கோதுமை மாவும் சர்க்கரையும். பருமனைத் தருவது காற்று. முட்டையும் சோடா உப்பும் மாவைப் பொங்கச் செய்கின்றன. சமைக்காத அணிச்சல் பொங்காது. மாவின் இடத்தில் வாதுமை, சர்க்கரையின் இடத்தில் பேரீச்சை, பாலேட்டின் இடத்தில் ஊறவைத்து அரைத்த முந்திரி. காற்றின் இடத்தில் எதுவுமே இல்லை. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கொட்டையும் கொழுப்பும்தான். பிர்ச்சர்-பென்னரின் தட்டில் ஒரு கரண்டியாக இருந்த கொட்டை, இங்கே தட்டையே நிரப்பிவிட்டது.

மேலும், இதனை இறுகப் பிடித்து நிறுத்துவது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகிவிடும். நம் நாட்டு வெப்பத்தில் வகுப்பறை மேசைமேல் அரைமணி நேரம் வைத்தாலே அணிச்சல் குழைந்துவிடும். குளிர்நாட்டு உணவகத்தில் பிறந்த பண்டத்தை இங்கே நிலைநிறுத்த மின்சாரச் செலவும் சேர்கின்றது.

முத்திரையின் வரலாறு

இரண்டாவது மறைபொருள், பொட்டலத்தின்மீது இருக்கும் முத்திரை. இயற்கை வேளாண்மை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்பர்ட் ஹோவார்ட் 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கில அறிவியலாளர். இவரும், பயிரியல் அறிஞராகிய இவருடைய துணைவியார் கேப்ரியலும் முதலில் பீகாரின் பூசாவிலும் பின்னர் இந்தூரிலும் பணியாற்றினர். சாணம், தழை, வைக்கோல், சாம்பல் ஆகியவற்றை முறையாக அடுக்கி மக்கச் செய்யும் 'இந்தூர் முறை' அங்கு உருவானது. இந்திய உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்கள் என்று குறிப்பிட்டவர் ஹோவார்ட். 1940இல் அவர் எழுதிய நூலும், அதே ஆண்டில் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலும் மேலைநாட்டில் இவ்வியக்கத்துக்கு வித்திட்டன.

உழவர்கள் காசில்லாமல் செய்துவந்த ஒன்று, தொலைவிலுள்ள நகரத்துக் கடைக்குச் சென்றபோது சிக்கல் எழுந்தது. உழவரை நேரில் அறியாத வாங்குவோர் எப்படி நம்புவது? அதற்காகவே சான்றிதழ் தோன்றியது. அமெரிக்காவில் 1990இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 2002 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தடைசெய்யப்பட்ட உரமோ பூச்சிக்கொல்லியோ மூன்றாண்டு படாத நிலத்தில் விளைந்ததே முத்திரைக்குத் தகுதி பெறும். அம்மூன்றாண்டும் உழவர் கூடுதலாக உழைத்தும் கூடுதல் விலை பெற இயலாது. ஆண்டுதோறும் ஆய்வு, பதிவேடு, தனிக்கிடங்கு, கைக்களையெடுப்பு என்று செலவு நீள்கின்றது. விளைச்சலும் குறையும். 2012இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிரையும் சூழலையும் பொறுத்து அக்குறைவு 5 முதல் 34 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. மலேசியாவில் வேளாண் துறை 'மைஆர்கானிக்' என்னும் சான்றிதழை வழங்குகின்றது.

ஆகவே கூடுதல் விலை முழுவதும் ஏமாற்று என்று கூறுவது நேர்மையாகாது. அவ்விலையில் ஒரு பகுதி மண்ணுக்கும் உழைப்புக்கும் செல்கின்றது. ஆனால் பெற்றோர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். இயற்கை வேளாண் உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பது தெரிந்தது. சத்து கணிசமாக மிகுதி என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. முத்திரையில்லாத வாழைப்பழத்தையும் பப்பாளியையும் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய் எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர்.

தொலைவும் பெயரும்

மூன்றாவது மறைபொருள் தொலைவு. உலக வாதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில் விளைகின்றது. முந்திரி பிரேசிலில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் முன்னிற்கின்றது. கொக்கோவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1990இல் மலேசியா ஏறத்தாழ 2,47,000 டன் கொக்கோ விளைவித்தது. செம்பனை கூடுதல் வருவாய் தந்ததாலும் காய்துளைப்பான் பூச்சியின் தாக்குதலாலும் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. 2020களின் தொடக்கத்தில் விளைச்சல் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ டன் ஒன்றுக்கு 10,000 அமெரிக்க டாலரைக் கடந்தபோது, ஒரு காலத்தில் நம் நாட்டில் மலைபோல் குவிந்த பண்டத்தை நாமே உயர்ந்த விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு கொடுத்து வாங்குவது உண்மையில் 'சமைக்காதது'தானா? இந்நெறியினர் பொதுவாக 40 முதல் 48 பாகை செல்சியசைத் தாண்டாத உணவையே பச்சை உணவு என்பர். முந்திரியின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால், கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் பொதுவாக உடைக்கின்றனர். 'பச்சை முந்திரி' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது நெருப்பைக் கண்டதே. கொக்கோ விதை நொதிக்கும்போதே அக்குவியலின் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவது உண்டு. மேப்பிள் பாகு, ஏறத்தாழ 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டராகச் சுண்டவைத்தது. பெயருக்காக விலை கொடுக்கும்முன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் வீட்டு மாவிளக்கு

அடுப்பேற்றாத இனிப்பு நமக்குப் புதிதா? தோட்டப்புற மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் பெண்கள் ஏந்திவரும் மாவிளக்கை நினைத்துப் பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, வெல்லத்தோடும் ஏலக்காயோடும் பிசைந்து செய்வது அது. விளக்கு மலையேறிய பின் அந்த மாவே பிள்ளைகளின் இனிப்பு. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றினால் அது முழு நனிசைவமாகிவிடும். ஆடிப்பெருக்கன்று ஊறிய அரிசியோடு வெல்லமும் தேங்காய்ப் பல்லும் கலந்து வழங்கும் காப்பரிசியும் அத்தகையதே. வெல்லம் காய்ச்சப்பட்டதுதான், அரிசியும் கப்பலேறி வந்ததுதான். ஆகவே இவை எல்லா வகையிலும் தூய 'பச்சை உணவு' என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் இவற்றின் அடித்தளம் கொட்டையன்று, தானியமும் தேங்காயும். அதனால்தான் நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளர் குடும்பங்களும் ஆண்டுதோறும் தவறாமல் செய்ய முடிந்தது.

பச்சை என்பதாலேயே எல்லாம் நன்மையாகிவிடாது என்பதையும் கூறியாக வேண்டும். 2011இல் செருமனியில் முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக உண்டதால் பரவிய ஈ. கோலை கிருமி ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. போர்க்காலத்தில் நம் முன்னோரைக் காத்த மரவள்ளியைப் பச்சையாக உண்டால் நஞ்சு. நெருப்பே அதனை உணவாக்குகின்றது. இடித்த பச்சை மாவை அன்றே செய்து அன்றே உண்ண வேண்டும். வகுப்பில் பகிர்வதற்குமுன் கொட்டை ஒவ்வாமை உள்ள மாணவர் உண்டா என்று ஆசிரியர் கேட்டறிவதும் கட்டாயமாகும்.

வரலாறு காட்டும் முடிவு இதுவே. சமைக்காத இனிப்பு எளியவர் உணவாகத் தோன்றியது. மாவின் இடத்தைக் கொட்டை பிடித்தபோதும், உள்ளூர்ப் பொருளின் இடத்தைத் தொலைநாட்டுப் பொருள் பிடித்தபோதும், அறிமுகத்தின் இடத்தை முத்திரை பிடித்தபோதும் அது விலையேறியது. இம்மூன்றில் எதுவும் பிள்ளையின் நலத்துக்கு இன்றியமையாதது அன்று. வசதி உள்ளவர் முத்திரைப் பொருளை வாங்கி நல்ல உழவரை ஆதரிக்கட்டும், அது நற்செயலே. மற்றவர், நோன்பு மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும் பேரீச்சையையும் கழுவி உலர்த்திய எள்ளையும் இடித்து, புதிதாகத் துருவிய தேங்காயில் புரட்டி உருண்டை பிடியுங்கள். எள் ஒவ்வாத பிள்ளைக்குக் கனிந்த வாழைப்பழத்தைத் தேங்காய்த் துருவலோடு பிசைந்து கொடுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று உலகப் படத்தில் காட்டுங்கள். ஒரு மாலைப்பொழுதில் வரலாறும் புவியியலும் கணிதமும் சேர்ந்த பாடம் ஒன்று முடிந்திருக்கும்.